ஏழு நாற்பது

"பஸ் எந்த ஊர்லம்மா இப்படி வரும்? கல்யாண மாப்பிள்ளைகூட இவ்வளவு சரியா நேரத்துக்கு வரமாட்டான்."

இயற்பியல் பேராசிரியர் தாள்களை மேசைமேல் போட்டார். உளவியல் பேராசிரியை சிரித்தார். புள்ளியியல் பேராசிரியை சிரிக்கவில்லை. எதிரே நின்றவள் அவருடைய மாணவி.

கல்லூரியில் அன்று எல்லாத் துறை மாணவர்களின் ஆய்வுகளுக்கும் மதிப்பெண் போடும் நாள். அரங்கின் சுவர் முழுக்க அட்டைகள். தாவரவியலில் உலர்ந்த இலைகள். வேதியியலில் பதினொரு கிணற்றுத் தண்ணீர், பதினொரு பாட்டில்களில். வரலாற்றில் பழைய கதவுகளின் படங்கள். இவளுடைய அட்டையில் இருந்தது ஒரே ஒரு கோடு. காலை ஏழு நாற்பதுக்குக் கல்லூரி வாசலுக்கு வரவேண்டிய பேருந்து எவ்வளவு தாமதமாக வருகிறது என்பது ஆய்வு. எண்பத்தாறு நாள் வாசலில் நின்று குறித்திருந்தாள். ஒரே ஒரு நாள் இம்மி ஏறியதைத் தவிர, கோடு பூஜ்யத்தை விட்டு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"எங்க லேப் கடிகாரமே வாரத்துக்கு ரெண்டு நிமிஷம் பின்னாடி போகுது" என்றார் இயற்பியல்காரர்.

"பொய் சொல்ற பிள்ளைங்க இந்நேரம் அழுதிருப்பாங்க. இது அழலை" என்றார் உளவியல் பேராசிரியை. "ஒண்ணு, உண்மை சொல்லுது. இல்லைன்னா நல்லா ஒத்திகை பார்த்துட்டு வந்திருக்கு."

புள்ளியியல் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "வீட்டுல உக்காந்து எழுதினியா?"

"இல்ல மேடம். வாசல்ல நின்னு எழுதினேன்."

"பெரிய மழை பெஞ்சுதே, அன்னிக்கு?"

"குடை வச்சிருந்தேன்."

"குடையைக் கேக்கலை. பஸ் எத்தனை மணிக்கு வந்துச்சு?"

"ஏழு நாற்பத்தொண்ணு."

இயற்பியல்காரர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "ஒரு நிமிஷம் பிச்சை போட்டிருக்கா, மழைக்காக!"

"சரி" என்றார் புள்ளியியல் பேராசிரியை. "பஸ் டெப்போவுக்கு ஒரு கடிதம் போடுவோம். இந்த வண்டியைப் பத்தி அவங்ககிட்ட பதிவு இருக்கும். ஒப்பிட்டுப் பார்த்தா முடிஞ்சுது."

அதுவரை தூண் மாதிரி நின்றவளின் முகம் வெளிறியது.

"டெப்போவுக்கு மட்டும் வேண்டாம் மேடம்."

"ஏன்?"

அவள் தரையைப் பார்த்தாள். "வேணும்னா என் ஆய்வைத் தள்ளுபடி பண்ணிடுங்க. கடிதம் வேண்டாம்."

தள்ளுபடி என்றால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். அது அவளுக்கும் தெரியும்.

"வெளியே இரும்மா" என்றார் இயற்பியல்காரர். கதவு மூடியதும் கைகளை விரித்தார். "இதுக்கு மேல என்ன வேணும்? அவளே ஒத்துக்கிட்டா. தள்ளுபடின்னு எழுதிக் கையெழுத்தைப் போடுங்க மேடம், சாப்பிடப் போகலாம்."

புள்ளியியல் பேராசிரியை கையெழுத்துப் போடவில்லை. மதிப்பெண் படிவத்தை வெறுமையாகவே மடித்துப் பைக்குள் வைத்தார். இருபத்திரண்டு வருட வேலையில், உண்மையென்று தெரியாத ஒன்றை அவர் சொன்னதில்லை. சமையல் எப்படி என்று கணவர் ஆசையாகக் கேட்டால்கூட, உப்பு கால் பங்கு அதிகம் என்று உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறவர். பொய்யென்று தெரியாத ஒன்றைப் பொய் என்று எழுதவும் கை வரவில்லை.

"நாளைக்குக் காலையில நானே போய்ப் பார்க்கிறேன்" என்றார்.

மறுநாள் ஏழரைக்கே வாசலில் நின்றார். கைக்கடிகாரத்தின் முள் நாற்பதைத் தொட இருபது விநாடி இருந்தபோது பேருந்து முனை திரும்பியது. நாற்பதில் நின்றது.

அதுதான் கடைசி நிறுத்தம். கூட்டம் இறங்கிப்போனதும் ஓட்டுநர் இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். அன்று காலையில் மழித்த முகம். பாட்டில் தண்ணீரை முன் கண்ணாடியில் ஊற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"எப்பவும் இப்படி நேரத்துக்கு வந்துடுவீங்களா?" என்று கேட்டார் பேராசிரியை.

"முன்னெல்லாம் இல்லைங்க." அவர் துணியைப் பிழிந்தார். "சம்சாரம் போனதுக்கப்புறம் காலையில எழுந்திருக்கவே பிடிக்கலை. எழுந்து யாருக்கு என்னன்னு இருந்துச்சு. அரை மணி லேட்டு, முக்கால் மணி லேட்டு. டெப்போவுல மூணு மெமோ கொடுத்துட்டாங்க. இந்த வண்டியைப் பத்தி இனி ஒரு கடுதாசி வந்தா, வீட்டுக்குப் போய்யான்னுட்டாங்க."

"அப்புறம் எப்படி மாறினீங்க?"

ஓட்டுநர் திரும்பினார். பேராசிரியையின் கழுத்தில் தொங்கிய கல்லூரி அட்டையை அப்போதுதான் பார்த்தார். துணியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"நீங்கதான் அந்தக் கணக்கு டீச்சருங்களா? எம் பொண்ணு உங்ககிட்டதான் படிக்குது." குரல் இறங்கியது. "இங்க பரீட்சையே இப்படித்தான்னு சொல்லிச்சுங்க. நான் ஏழு நாற்பதுக்கு வந்தாத்தான் அதுக்கு மார்க்காம். ஒரு நிமிஷம் பிந்தினா ஒரு மார்க் போச்சாம். காய்ச்சல்லகூட லீவு போடலை மேடம். அந்த மழையன்னிக்குத்தான் ஒரு மார்க்கை விட்டுட்டேன்..."

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"நான் பாசா, மேடம்?"

பேராசிரியை பையிலிருந்து படிவத்தை எடுத்தார். பேருந்தின் படிக்கட்டில் வைத்து மதிப்பெண் எழுதிக் கையெழுத்திட்டார்.

"பாஸ்" என்றார். "ஆனா பரீட்சை இன்னும் முடியலை. நாளைக்கும் ஏழு நாற்பது."