பக்கத்து சீட்டு பிரேக்

“எந்தப் பாவி பார்த்த வேலை இது!”

ஷெட்டிலிருந்து எங்க வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில், அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பார்த்தால் மனுஷருக்கு ஒன்றுமில்லை. காருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது.

கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு, பின்னால் வழுக்கிக்கொண்டு இறங்கும் கூரை. அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கூபே. இந்த மாடலில் விரல் விட்டு எண்ணும்படிதான் மிச்சம் இருக்கிறதாம். ஒரு கோழிப்பண்ணையில் துருப்பிடித்துக் கிடந்ததை இழுத்து வந்து, கம்பெனியை விட்டு வெளியே வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிக் காட்டுகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். பழைய கார் கண்காட்சியில் முதல் பரிசு வாங்க வேண்டும். ஒரு திருகாணி மாறியிருந்தாலும் மார்க் போய்விடுமாம்.

நான் அதற்கு வைத்திருக்கும் பெயர் சக்களத்தி.

“இங்க பாரு. டிரைவர் பக்கம் பிரேக் இருக்கு, சரி. பக்கத்து சீட்டுல உக்கார்றவங்க காலுக்குக் கீழேயும் எவனோ ஒரு பிரேக்கைப் பத்த வச்சிருக்கான்!”

“நல்லதுதானே? நீங்க ஓட்டுற ஓட்டத்துக்கு ஒண்ணு பத்தாது.”

அவர் சிரிக்கவில்லை. “டிரைவிங் ஸ்கூல் நடத்தியிருக்கான்டி! பந்தயக் குதிரையைப் பிடிச்சு பார வண்டியில பூட்டியிருக்கான்!”

வெட்டி எறிய கட்டரை எடுத்தவரைத் தகடு வேலை பார்க்கும் அண்ணன்தான் தடுத்தார். “அவசரப்படாதீங்க. ஒருவேளை கம்பெனியே ஸ்பெஷலா வச்சதா இருந்தா? அப்புறம் தலையில கை வச்சுக்கிட்டு உக்காரணும். யார் வச்சதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வெட்டுவோம்.”

அவ்வளவுதான், என் நிம்மதி போயிற்று. அந்தப் பிரேக்கை வண்டியோடு இணைக்கும் கம்பி எங்கேயோ தொலைந்துவிட்டதாக இவரே முடிவு கட்டிக்கொண்டு, ஒரு பழைய இரும்புக்கடை விடாமல் துழாவினார். இன்னொரு பக்கம் பழைய ஓனர்களைத் தேடும் படலம். போன இடமெல்லாம் நானும் கூடப் போனேன். பின்னே, சக்களத்தியின் பூர்வீகம் எனக்கும் தெரிய வேண்டாமா?

கோழிப்பண்ணைக்காரர், “வாங்கும்போதே இருந்துச்சுங்க” என்றார். அவருக்கு விற்ற போட்டோகிராபரும் அதையேதான் சொன்னார். போட்டோகிராபருக்கு விற்ற பல் டாக்டர் மட்டும், நாங்கள் கேட்டதும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“கம்பியையா தேடுறீங்க? அதுக்குக் கம்பியே கிடையாதுங்க! அது வெறும் பொம்மை. முதல் ஓனர் என் சிநேகிதன்தான். அவன் சம்சாரத்துக்கு வேகம்னாலே குலை நடுங்கும். கல்யாணமான புதுசுல கார்ல ஏறவே மாட்டேன்னுட்டாங்க. ‘பயமா இருந்தா இதை மிதி, வண்டி நின்னுடும்’னு சொல்லி ஏத்திட்டான். எமகாதகன்!”

வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இதுல என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு? நம்பி வந்தவளை முட்டாளாக்கியிருக்காரு! உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு வெறும் இரும்பை மிதிச்சிருக்காங்க பாவம்!”

“அந்த ஆளே இப்ப உயிரோட இல்லையாம். நீ ஏன் குதிக்கிறே?”

“வெட்டுங்க அதை. கட்டரை நானே பிடிக்கிறேன்.”

கம்பெனி வைத்தது இல்லை என்று தெரிந்ததால் அவருக்கும் வெட்ட சம்மதம்தான். “அதுக்கு முன்னாடி ஒரு தடவை அந்தம்மாகிட்ட வண்டியைக் காட்டிட்டு வந்துடலாம். ஆனா ஒண்ணு, நீ அங்க வாயைத் திறக்கக் கூடாது” என்றார்.

வண்டி ஓடுகிற நிலைக்கு வந்ததும் அதிலேயே கிளம்பினோம். மனுஷர் பறந்தார். பயத்தில் நானும் வழியெல்லாம் அந்தப் பொம்மைப் பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். ஒரு புண்ணியமும் இல்லை. அவர் பாட்டுக்கு விசிலடித்துக்கொண்டே ஓட்டினார்.

சத்தம் கேட்டே அந்தம்மா செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடி வந்துவிட்டார். கூரையைத் தடவினார், கண்ணாடியைத் தடவினார். நான் இறங்கியதும், கேட்காமல் கொள்ளாமல் என் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கால் தானாகப் போய் அந்தப் பிரேக்கின் மேல் உட்கார்ந்தது.

“அட! இன்னும் இருக்கே!” முகமெல்லாம் பூரிப்பு. “யாராவது எடுத்திருப்பாங்கன்னு நினைச்சேன் தம்பி.”

எங்க வீட்டுக்காரர் அந்த முகத்தைப் பார்த்தார்.

“எடுக்கலைம்மா. இனிமேலும் எடுக்க மாட்டேன்.”

முதல் பரிசு போயே போயிற்று. அதுகூடப் பரவாயில்லை. ஒரு பொய்யைப் பொத்திக் காப்பாற்றப் பார்க்கிறாரே என்றுதான் எனக்குத் தாங்கவில்லை.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. அது நிஜப் பிரேக் இல்ல. எதோடயும் சேரல. உங்க வீட்டுக்காரர் உங்களை நல்லா ஏமாத்தியிருக்காரு!”

வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அந்தம்மா என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

“அது முதல் நாளே தெரியும்மா. அவர் அந்தப் பக்கம் போனதும் குனிஞ்சு பார்த்துட்டேன்.”

“தெரிஞ்சுமா ஏறுனீங்க? எதை நம்பி?”

“நான் மிதிச்சு ஒரு தடவைகூட வண்டி நிக்காம போனதில்லையே! மனுஷனுக்கு ஒரு கண்ணு ரோட்டுலன்னா, இன்னொரு கண்ணு எப்பவும் என் கால்லதான்.”