மூன்று தையல்
மேசை நிறையத் துணி யானைகள் கிடக்கின்றன. வாங்கவிருந்த நாடு நேற்று வரியை இரட்டிப்பாக்கிவிட்டதால், நாலாயிரம் பொம்மைகளும் வேறொரு நாட்டுக்குத் திருப்பிவிடப்படுகின்றன. நாளை மறுநாள் கப்பல். அந்த நாட்டு விதிப்படி, எங்கே செய்தது என்று சொல்லும் லேபிள் காதில் இருக்கக்கூடாது, காலில்தான் இருக்க வேண்டும். ஜன்னல் வெயில் சாய்ந்து விழ, பட்டறையை நடத்தும் அக்கா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு யானையின் காதில் ஊசிமுனையை நுழைக்கிறாள். லேபிள் அசைவேனா என்கிறது. “பிச்சாலும் வரக்கூடாதுன்னு மூணு தையல் போடச் சொன்னது யாராம்?” என்று சிரிக்கிறான் எதிரே கத்திரியோடு உட்கார்ந்திருக்கும் தம்பி. “நான்தான். வாய மூடிட்டு நூலப் பிரி.” “அவனுக்குக் காதுல வேணும், இவனுக்குக் கால்ல வேணும். நாளைக்கு இன்னொருத்தன் வால்ல கேப்பான்க்கா.” “கேட்டா வால்ல தைப்போம்.” நூல் ‘டப்’பென்று அறுந்து லேபிள் கையோடு வருகிறது. சாம்பல் நிறக் காதில் ஊசித்துளைகள் வரிசையாகத் தெரிகின்றன. தம்பியின் சிரிப்பு நின்றுபோகிறது. அவள் கட்டைவிரல் நகத்தால் அந்த இடத்தை மெதுவாகத் தேய்க்கத் தேய்க்க, துளைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்கின்றன. அதே லேபிளை யானையின் காலில் வைத்து மெஷினை மிதிக்கிறாள். ஒரு தையல். இரண்டாவது. “போதும்க்கா, திரும்பவும் பிரிக்கச் சொன்னா?” அவள் நிமிராமல் மூன்றாவதையும் போடுகிறாள்.