புகை இழுக்காத சிம்னி

"இதைவிட மட்டமா ஒண்ணு காட்டுங்களேன்" என்றார் ஆர்லன்.

கடைக்காரர் டுவேன் எத்தனையோ வருடமாக அடுப்பும் சிம்னியும் விற்கிறவர். இப்படி ஒருவர் வாய்விட்டுக் கேட்டு அவர் பார்த்ததில்லை.

"சார், இருக்கிறதுலயே மட்டம் இதுதான். இதுக்குக் கீழ போனா வெறும் தகரம்."

"அந்தத் தகரம் என்ன விலை?"

"அப்பா!" மகள் இங்கிரிட் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

அடுப்பை எடுக்க அவர்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு பக்கம் நசுங்கியதால் பாதி விலைக்கு நின்றிருந்த அடுப்பு அது. நசுங்கிய பக்கம் சுவரைப் பார்த்துதான் நிற்கப் போகிறது. சுவர் குறை சொல்லாது. சிம்னியிடம் வந்தபோதுதான் வண்டி நின்றுபோனது.

டுவேன் ஒரு பெட்டியைத் தட்டினார். "இது வெளிக்குழாய் இல்லாத ரகம். புகையை உறிஞ்சி, வடிகட்டி, மறுபடி சமையலறைக்குள்ளயே விட்டுரும்."

ஆர்லன் முகம் மலர்ந்தது. "வடிகட்டியைக் கழட்டிட்டா?"

"கழட்டிட்டா... எடுத்த புகையை அப்படியே திருப்பிக் குடுத்துரும்."

"நேர்மையான மெஷின். பில்லைப் போடுங்க."

"காசைப் பார்க்காதீங்கப்பா, பாதி நான் தர்றேன்" என்றாள் இங்கிரிட். "அம்மா போனதுலேருந்து உங்க வீட்டுப் புகை அலாரம் கத்தாத வாரம் உண்டா? தண்ணியைத் தவிர எல்லாத்தையும் கருக்கிட்டீங்க."

"தண்ணி கஷ்டம்மா. முயற்சி பண்ணிட்டுத்தான் இருக்கேன்."

விஷயம் காசு இல்லை. ஆர்லன் பொரித்த பன்றி இறைச்சித் துண்டை ஒரு காக்கை கொத்திப் பார்த்துவிட்டு, குடும்பத்தோடு கனடாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது என்பது உண்மைதான். அவர் வீட்டு அலாரம் அலறினால் உறைந்த ஏரிக்கு அடியில் இருக்கும் மீன்கள் காதைப் பொத்திக்கொள்ளும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டு மேவிஸ் பனியில் பொத் பொத்தென்று கால் புதைய, கையில் துண்டோடு ஓடி வருவார். வாத்துக் கூட்டத்தை விரட்டுகிறவர்போல அலாரத்துக்குக் கீழே நின்று துண்டை வீசுவார். எல்லா ஜன்னல்களையும் திறந்துவிடுவார். புகை போகும்வரை மனிதரைக் குளிரில் தனியாக விட்டுவிட்டுப் போக முடியுமா? இரண்டு பேரும் கோட்டு போட்டபடியே உட்கார்ந்து காபி குடிப்பார்கள்.

வடக்கு மினசோட்டாவில் காரணமில்லாமல் யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை. ஒன்று வீட்டில் புகை வர வேண்டும். இல்லையென்றால் கார் பனியில் சிக்க வேண்டும். ஆர்லனின் பாழாய்ப்போன கார் ஒருநாளும் சிக்கித் தொலைத்ததில்லை.

நல்ல சிம்னி வந்தால் புகை இருக்காது. புகை இல்லாவிட்டால் அலாரம் கத்தாது. அலாரம் கத்தாவிட்டால் மேவிஸ் வரமாட்டார். இதை மகளிடம் எந்த வாயால் சொல்வது?

"உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் இங்கிரிட். "மேவிஸ் ஆன்ட்டியே எனக்கு போன் பண்ணிட்டாங்க. 'உங்கப்பாவுக்கு நல்லா இழுக்கிற சிம்னியா வாங்கிக் குடு, என்னால இனிமே ஓடி வர முடியாது'ன்னு."

ஆர்லன் தொப்பியைக் கழற்றினார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

"அப்படியா சொன்னாங்க?"

"அப்படியேதான்."

"சரி" என்றார் டுவேனிடம், தனக்கே கேட்காத குரலில். "இருக்கிறதுலயே நல்லா இழுக்கிறதைக் குடுங்க."

சிம்னி வந்து மாட்டியாயிற்று. மறுநாள் மதியம் ஆர்லன் நாலு துண்டு இறைச்சியை மனசாரக் கருக்கிப் பார்த்தார். சிம்னி இழுத்த இழுப்பில் புகை மட்டுமா, ஜன்னல் திரையும் சுவரில் இருந்த காலண்டரும்கூட அதன் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்தன. கூரையில் அலாரம் குழந்தைபோலத் தூங்கியது.

சிம்னியை அணைத்துவிட்டுக் கருக்கலாம்தான். ஆனால் ஓடி வர முடியாது என்று சொன்ன பெண்ணை ஓட வைப்பது ஒரு மனிதர் செய்கிற வேலையா? பழக்கத்தில் மேசைமேல் எடுத்து வைத்த இரண்டு கோப்பைகளில் ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

அப்போது அலாரம் கத்தியது.

நிமிர்ந்து பார்த்தார். அவருடையது அசையவில்லை. சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து!

தேவாலயத்து விருந்துகளுக்கெல்லாம் ஊருக்கே பொங்கிப்போட்டவர் மேவிஸ். அவர் கையில் ஒரு வெங்காயம்கூட நிறம் தப்பியதில்லை. ஆர்லன் துண்டை உருவிக்கொண்டு, ஒரு காலில் செருப்பும் இன்னொரு காலில் வெறும் காலுறையுமாகப் பனியில் ஓடினார்.

கதவு திறந்தே இருந்தது. அலாரம் அடங்கும்வரை துண்டை வீசிவிட்டு, மூச்சிரைக்கக் கேட்டார்: "என்ன கருகிச்சு மேவிஸ்?"

"மொதல்ல உட்காருங்க ஆர்லன், காபி ஆறிடும்."

"ஓடி வர முடியாதுன்னு இங்கிரிட்கிட்ட சொன்னீங்களாமே?"

"சொன்னேன். ஜன்னலைத் திறந்து போட்டுட்டு, கோட்டோட உட்கார்ந்து எத்தனை காபிதான் குடிக்கிறது? கால் விறைச்சுப் போகுது. இனிமே ஓடி வர்றது உங்க முறை."

ஆர்லன் அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். அது பனிக்கட்டியாய்ச் சில்லென்று இருந்தது.

"அது சரி, கருகினது என்ன?"

"தண்ணி" என்றார் மேவிஸ். அவர் முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்த கையில், அப்போதுதான் ஊதி அணைத்த மெழுகுவர்த்தி ஒன்று இன்னும் புகைந்துகொண்டிருந்தது.