கடைசி வரிசை

ஆட்டோவை விட்டு இறங்கியதும் சூடாமணி டீச்சர் இடது காதருகே விரலைச் சொடுக்கிப் பார்த்தார். கேட்டது. காலையிலிருந்து இது எட்டாவது தடவை.

வலது காது போன வருஷமே ஏறக்குறைய போய்விட்டது. இடதும் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிப் பத்து நாள் ஆகிறது. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்துப் பெண்களைச் சேர்ந்து பாட வைத்து, மாவட்டப் போட்டிகளில் பத்தொன்பது கேடயம் வாங்கிய மனுஷி, இதை வீட்டில்கூடச் சொல்லவில்லை. காது போவதற்குள் ஒரே ஒரு தடவை, தன் கையசைவுக்கு ஒரு கூட்டமே ஒரே குரலாய் எழுவதைக் கேட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பாராட்டு விழாவுக்கு ஒத்துக்கொண்டார்.

பிள்ளையார்பாளையம் ஓய்ந்து கிடந்தது. அமாவாசை என்பதால் எந்த வீட்டிலும் தறி ஓடவில்லை. மண்டபத்து வாசலில் சந்தியா நின்றிருந்தாள். இப்போது பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருப்பவள். பழைய மாணவிகளைத் தேடிப் பிடித்து விழாவை ஏற்பாடு செய்தவள் அவள்தான்.

"வாங்க டீச்சர். எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்துக்கினு இருக்கோம்."

மரியாதைக்குக் குறைவில்லை. சிரிப்பைத்தான் காணோம்.

உள்ளே முப்பத்தேழு பெண்கள் மூன்று வரிசையாக மேடையில் நின்றார்கள். சிலருக்கு இருபது வயது, சிலருக்கு நாற்பதுக்கு மேல். கீழே ஒரு நாற்காலிகூடப் போடவில்லை. வீட்டுக்காரர்களைச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வரச் சொல்லியிருப்பதாகச் சந்தியா சொன்னாள்.

டீச்சர் முகம் முகமாகத் தேடினார். சங்கீதா இல்லை. ஸஹானா இல்லை. கேடயம் வாங்கித் தந்த தங்கமான குரல்களில் ஒன்றுகூட இல்லை. நிற்பவர்களைப் பார்த்த ஞாபகம் இருந்தது. குரல்தான் ஒருத்தியுடையதும் நினைவுக்கு வரவில்லை. ஆளை மறந்தாலும் குரலை மறக்காதவர் அவர். காதோடு சேர்ந்து புத்தியும் போகிறதோ என்று பயந்தார்.

சங்கீதாவெல்லாம் வரவில்லையா என்று கேட்டுப் பார்த்தார்.

"அவங்களைத்தான் நீங்க எப்பவும் பாத்துக்கினே இருந்தீங்களே டீச்சர். இன்னிக்கு எங்களைப் பாருங்க." சந்தியா கிட்டே வந்தாள். "என் குரல் ஞாபகம் இருக்குதா?"

"இல்லாம என்னம்மா," என்று டீச்சர் கூசாமல் பொய் சொன்னார்.

ஒரு தடவை ஒத்திகை பார்த்துக்கொள்ளலாமே என்றார். தேவையே இல்லையாம். டீச்சர் சொல்லிக்கொடுத்தது அப்படியே மனதில் இருக்கிறதாம். மூன்று மாதமாக ஒருத்தர் வீட்டில் மாற்றி ஒருத்தர் வீட்டில் கூடிப் பேசினார்களாம். பேசினார்களா, பாடினார்களா என்று கேட்க டீச்சருக்குத் தோன்றவில்லை.

சந்தியா போய் ஃபேன்களை நிறுத்தினாள். ஜன்னல்களைச் சாத்தினாள். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். பாடும்போது வெளிச்சத்தம் ஒரு துளிகூட வரக்கூடாது என்பது டீச்சர் போட்ட சட்டம்தான். ஆனாலும் அந்தத் தாழ்ப்பாள் விழுந்தபோது அவருக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. சந்தியாவும் மேடையேறி வரிசையில் நின்றாள். முப்பத்தெட்டு ஜோடிக் கண்கள் இமைக்காமல் டீச்சரையே பார்த்தன.

ஆசை விடவில்லை. தானே மெட்டுப் போட்ட பள்ளிப் பாட்டுக்குச் சுருதியை முனகிக் காட்டினார். முனகல் அவர் காதுக்குக் கேட்டது. கொஞ்சம் தைரியம் வந்தது. கையை உயர்த்தி, இறக்கினார்.

முப்பத்தெட்டு வாயும் ஒன்றாகத் திறந்தன.

ஒன்றும் கேட்கவில்லை.

உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு சொல்லும் அந்த உதடுகளில் தெரிந்தது. மூச்சு எடுக்கும் இடம்கூடப் பிசகவில்லை. காது அணைந்துவிட்டது. இத்தனை நாள் பொறுத்தது, இன்னும் மூன்று நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா?

இடது காதருகே கையைக் கொண்டுபோய்ச் சொடுக்கப் பார்த்தார். வியர்வையில் விரல் வழுக்கியது. மறுபடி முயன்றால் பார்த்துவிடுவார்கள்.

கையசைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் டீச்சர் செவிடாகிவிட்டார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். உதடுகளைப் பார்த்துத் தாளம் போட்டார். மேல் ஸ்தாயி வரும் இடத்தில் புருவத்தை உயர்த்தினார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. சந்தோஷத்தில் அழுவதாக நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்காமல் விட்டார்.

கடைசி அடியில் விரல்களைக் குவித்தார். முப்பத்தெட்டு வாயும் ஒன்றாக மூடின.

எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும். சூடாமணி டீச்சர் உதட்டில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்.

"பிரமாதமாப் பாடினீங்கம்மா. ஒரு இடத்துலகூட சுருதி விலகலை."

சொன்னது வெளியே கேட்டதா, தன் மண்டைக்குள் மட்டும்தான் ஒலித்ததா என்று அவருக்கே தெரியவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. சந்தியா மேடையிலிருந்து இறங்கி, அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். அவள் பேசிய ஒவ்வொரு எழுத்தும் டீச்சரின் இடது காதில் தெளிவாக விழுந்தது.

"யார் பாடினது டீச்சர்? பள்ளிக்கூடத்துல எங்க முப்பத்தெட்டு பேரையும் கடைசி வரிசையில நிக்க வெச்சு, நீங்க வாயை மட்டும்தானே அசைக்கச் சொன்னீங்க."