நரம்பு அதிரும்!

"வயித்தைக் கிழிக்கணும்" என்றார் டாக்டர் அரிகிருஷ்ணன்.

நர்ஸ் கமலவேணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சர்க்கரை வியாதிக்குப் போய் வயிற்றைக் கிழிப்பதா?

தவளக்குப்பத்திலிருந்து வந்த தனக்கொடி பெஞ்சு கொள்ளாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சியபோது, அது செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது. அவ்வளவு சர்க்கரை!

"வராம என்ன பண்ணும்?" என்றாள் கூட வந்த நாத்தனார் செல்வாம்பாள். "சோத்தோட நிறுத்திக்கிட்டு, பானையை மிச்சம் வைக்கிறாளேன்னு சந்தோஷப்படுங்க டாக்டர் முசியே!"

"எப்பம்மா ரொம்பப் பசிக்குது?" என்று டாக்டர் கேட்டார்.

தனக்கொடி நாத்தனாரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாய் மேல தப்பில்ல" என்றார் டாக்டர். "மூளையிலேருந்து குடலுக்கு நரம்பு போவுது. பசி, ஊளைச்சதை, சர்க்கரை எல்லாத்துலயும் அதுக்குப் பங்கு உண்டு. மூளைக்கு அடியில ஒரு குத்து குத்தினா முயலுக்கே சர்க்கரை வரும்னு நூறு வருஷம் முன்னாடியே பாரீஸ்ல பார்த்துட்டாங்க. இவங்க நரம்பு துடிச்சுக்கிட்டே இருக்கு. அடுத்த மாசம் வெட்டிடலாம்."

செல்வாம்பாள் குரல் இறங்கியது. "வெட்டினா... பொழைப்பாளா?"

"அதுவரைக்கும் நரம்பு அதிரக் கூடாது. ஒரு அதட்டல் போட்டாலும் அதிரும். அதிர்ந்த நரம்புல கத்தி வச்சா நான் பொறுப்பில்ல. சாப்பாடும் நான் சொல்ற அளவுதான்."

தனக்கொடி அழ ஆரம்பித்துவிட்டாள்.

'பாவி மனுஷன், இப்படியா பயமுறுத்துவார்?' என்று கமலவேணி மனசுக்குள் வைதாள்.

மறுமாதம் கண்ணாடிக் குழாயைக் காய்ச்சியவள், அதைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் ஓடி வந்தாள்.

"டாக்டர்! நீலம்! நீலம் மாறவே இல்ல!"

"ஏம்மா, மெதுவாப் பேசேன்!" என்று செல்வாம்பாள் கிசுகிசுத்தாள். "அவளுக்கு நரம்பு அதிரும்!"

தனக்கொடிக்கு ரவிக்கை தொளதொளவென்றிருந்தது. "வயிறு கபகபன்னு எரியறதே நின்னுபோச்சு நர்சம்மா!" என்று சிரித்தாள்.

"ஆபரேஷனைத் தள்ளி வைக்கிறேன்" என்றார் டாக்டர். "ஆனா நரம்பு உள்ளயேதான் இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

செல்வாம்பாள் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, தனக்கொடியைக் கைபிடித்துப் படியிறக்கிக் கூட்டிப் போனாள்.

கமலவேணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஆபரேஷன் வேணாம்னு சர்ஜன்கிட்ட சொல்லிட்டு வரட்டுமா டாக்டர்?"

"எந்த சர்ஜன்?"

"அப்ப... ஆபரேஷன்?"

"அது முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சேம்மா. நாத்தனார் நாக்குல!"