சென்டர் லைன் வரைக்கும்

"மேல ஏறுங்கடா, சென்டர் லைன் வரைக்கும் ஏறுங்க."

டிஃபென்ஸ் கோச் ரெமிஜியஸ் போட்ட சத்தம் கேலரியின் கடைசிப் படிவரை கேட்டது. கேட்டவர்கள்தான் நம்பவில்லை.

கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம். முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். லிங்கராஜபுரம் அணி ஒரு கோல் முன்னால் இருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில் எந்த அணியும் தன் கோலுக்கு முன்னால் கூட்டமாக நின்றுகொண்டு வருகிற பந்தையெல்லாம் உதைத்துத் தள்ளும். இவர் என்னடாவென்றால், இருக்கிற நான்கு டிஃபென்டர்களையும் நடுக்கோட்டுக்கு விரட்டுகிறார்.

சற்று முன்புவரை அவருக்கே அந்த யோசனை இல்லை.

எதிரணியான பீன்யா கம்பெனியின் அர்ஜுனன் பலமாக அடித்த பந்தை, கோல்கீப்பர் கிளிஃபர்ட் பாய்ந்து வெளியே தட்டிவிட்டான். கேலரியே எழுந்து நின்றது. அடுத்து வந்த கார்னரை டிஃபென்டர் ஆஷ்லி தலையால் முட்டித் தூர அனுப்பினான். எல்லோர் கண்ணும் பந்தின் பின்னாலேயே போயிற்று.

ரெமிஜியஸ் பந்தைப் பார்க்கவில்லை. பதினோரு வருடம் கோவாவிலும் கொல்கத்தாவிலும் தடுப்பு வரிசையின் நடுவில், ஸ்டாப்பர் பேக்காக ஆடிச் சம்பாதித்தவர். பந்தை விட்டுவிட்டு ஆளைப் பார்ப்பதுதான் அவர் பிழைப்பு.

கிளிஃபர்ட் மெதுவாக எழுந்தான். கையுறைப் பட்டையைப் பல்லால் கடித்து இறுக்கினான். ரெமிஜியஸைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினான்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம்.

"தலை கெட்டுப்போச்சா ரெமி உனக்கு? கோல் கையில இருக்கு, பின்னால கூப்பிடு." தலைமை கோச் டொமினிக்கின் முகம் சிவந்திருந்தது. கடைசி மாற்று ஆட்டக்காரனையும் அவர் உள்ளே இறக்கி முடித்திருந்தார். இனி செய்வதற்கு அவரிடமும் ஒன்றும் இல்லை.

"இந்த ஒரு வாட்டி விடுங்கண்ணா."

கோல் அடித்தால் பேர் டொமினிக்குக்கு, வாங்கினால் திட்டு ரெமிஜியஸுக்கு. டிஃபென்ஸுக்கென்று தனியாக ஒரு கோச் எதற்கு என்று கமிட்டியில் ஏற்கெனவே முணுமுணுக்கிறார்கள். இன்று கோப்பை போனால் அவர் வேலையும் கூடவே போகும். அது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் கையை மேலே மேலே என்று வீசிக்கொண்டே இருந்தார்.

நால்வரும் ஏறினார்கள்.

மழைக்காலம் முழுக்க அவர்கள் இடுப்பைக் கொடிக்கயிற்றால் சேர்த்துக் கட்டி ஓடவிட்டிருந்தார் ரெமிஜியஸ். ஒருவன் முன்னால் போனால் நால்வரும் போக வேண்டும், இல்லையென்றால் நால்வரும் சேற்றில் விழ வேண்டும். மாடு மேய்க்கிறாரா, கோச்சிங் கொடுக்கிறாரா என்று தெருவே சிரித்தது. இன்று கயிறு இல்லை. ஆனால் நால்வரும் அது இருப்பதுபோலத்தான் நகர்ந்தார்கள்.

பீன்யா அணி திணறியது. கோல் எங்கோ தொலைவில் தெரிந்தது. பந்தை அடிக்க இடம் கிடைக்காமல் நடுவிலேயே மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஒருவன் துணிந்து, நால்வரின் தலைக்கு மேலாகப் பந்தைத் தூக்கிப் போடக் காலை ஓங்கினான்.

ஆஷ்லி கையை உயர்த்தினான். நால்வரும் ஒன்றாக ஓர் அடி முன்னால் வைத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அர்ஜுனன் தனியாக மாட்டிக்கொண்டான்.

அவன் அதைக் கவனிக்கவில்லை. பந்தைத் துரத்திக்கொண்டு போய் ஓங்கி உதைத்தான். கிளிஃபர்ட் நின்ற இடத்திலேயே நின்றான். கையைக்கூடத் தூக்கவில்லை. பந்து வலைக்குள் போய் விழுந்தது.

பீன்யா ஆட்கள் துள்ளிக் குதித்தார்கள். டொமினிக் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கோட்டோரத்தில் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிப் பிடித்திருந்தார். பந்து கிளம்பும்போதே அர்ஜுனன் நால்வரையும் தாண்டி நின்றிருந்தான், ஆஃப்சைடு. கோல் செல்லாது.

அதன்பின் விசில் ஊதத்தான் நேரம் இருந்தது. லிங்கராஜபுரம் முதல்முறையாகக் கோப்பையை வென்றுவிட்டது.

திட்டிய வாயாலேயே டொமினிக் ரெமிஜியஸின் நெற்றியில் முத்தம் வைத்தார். கமிட்டியில் முணுமுணுத்தவரே ஓடி வந்து தோளில் கை போட்டு போட்டோ எடுத்துக்கொண்டார். கேலரியில் கிளிஃபர்ட் பேச்சுதான். கொடி ஏறியதைப் பார்த்துவிட்டு எவ்வளவு நிதானமாகச் சும்மா நின்றான், அதுதானய்யா நெஞ்சழுத்தம் என்றார்கள். ரெமிஜியஸுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. அவர் அதை மறைக்கவும் இல்லை.

பிறகு கிளிஃபர்டை டிரெஸ்ஸிங் ரூமுக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். முதலுதவிப் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

வலது கையுறை கழலவில்லை. மணிக்கட்டிலிருந்து மெல்ல வெட்டிப் பிரித்தார். உள்ளே கை பேக்கரி பன் மாதிரி உப்பி, இரண்டு விரல்கள் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தன.

"கொடியை நான் பாக்கவே இல்லண்ணா," என்றான் கிளிஃபர்ட். "கைதான் மேல வரல."

வெளியே தமட்டை மேளம் அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். ரெமிஜியஸ் கதவைத் திறந்தார். கிளிஃபர்டின் இடது கையைப் பிடித்து உயரத் தூக்கியபடி கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றார்.