மாஸ்டர் பக்கத்து பிரேக்

"பிரேக்! பிரேக்! பாப்பா, பிரேக்!"

"அப்பா, நான் இன்னும் வண்டியை ஸ்டார்ட்டே பண்ணலை."

மாஸ்டர் அசடு வழியக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். டிரைவிங் ஸ்கூல் கார் என்பதால், அவர் உட்காரும் இடத்திலும் ஒரு பிரேக் பெடல் உண்டு. அது காலடியில் இருந்தால்தான் மனுஷனுக்குத் தெம்பு.

பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோரிடம், "ஸ்டியரிங்கைப் பிள்ளைங்க கையில கொடுத்துடணுங்க. பிரேக்கை மட்டும் நம்ம காலடியில வெச்சுக்கணும். பிள்ளை வளர்ப்புன்னா அவ்வளவுதான்!" என்று அடித்துவிடுவார். அவர்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுவிட்டுப் போவார்கள்.

வீட்டில் கதையே வேறு. பதினெட்டு வயது முடிந்த மகள் அவருக்கு இன்னும் பாப்பாதான். தெருமுனைக் கடைக்குப் போனால்கூட, "போய்ச் சேர்ந்துட்டியா?" என்று போன் போடுவார். அப்படிப்பட்டவரிடம் போய், வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன் என்று அவள் கேட்டால் என்ன ஆகும்? ஒரு வாரமாக வீடு இரண்டுபட்டுக் கிடந்தது.

கடைசியில் மாஸ்டரே ஒரு பந்தயம் கட்டினார். "ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நீ ஓட்டு. நான் பிரேக் போட வேண்டிய அவசியமே இல்லாம போய்த் திரும்பி வந்துட்டா, ஹாஸ்டலுக்குச் சரி. நான் போட்டு வண்டி நின்னுச்சுன்னா, உள்ளூர்க் காலேஜ்தான். அப்புறம் அழுகை, ஆர்ப்பாட்டம் எதுவும் கூடாது."

நடுவராகப் பின் சீட்டில் அம்மா. அவளும் ஒரு காலத்தில் மாஸ்டரிடம் கற்றவள்தான். சர்வீஸுக்கு விட்டிருந்த காரை அன்று காலையில் ஒர்க் ஷாப்பிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்ததும் அவள்தான்.

"மெக்கானிக் என்ன சொன்னான்?" என்று கேட்டார் மாஸ்டர்.

"ஓட்டுறவங்க ஒழுங்கா ஓட்டினா ஒரு குறையும் இல்லைன்னான். ஸ்டேஷன் போய் வர்ற வரைக்கும் என்னை எழுப்பாதீங்க" என்று அம்மா சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

வண்டி கிளம்பியது. முதல் திருப்பத்திலேயே ஒரு தள்ளுவண்டிக்காரர் குறுக்கே வந்தார். மாஸ்டர் காலை அழுத்தினார். வண்டி அழகாக நின்றது.

"பார்த்தியா? போட்டாச்சு!"

"அப்பா! நான்தான் பிரேக் போட்டேன்!"

"நீ போடுறதுக்குள்ள நான் போட்டு முடிச்சாச்சு."

இரண்டு பேர் காலும் ஒரே நேரத்தில் அழுத்தினால், வண்டி யார் பேச்சைக் கேட்டு நின்றது என்பது வண்டிக்குத்தான் வெளிச்சம். "போனாப் போகுது, முதல் தப்பு. மன்னிச்சு விட்டுடுறேன்" என்று மாஸ்டரே பெரிய மனது பண்ணினார்.

அடுத்த தெருவில் ஒரு புறா நடுரோட்டில் நடந்துகொண்டிருந்தது. மாஸ்டரின் கால் தானாக இறங்கியது. புறா பறந்தது. வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"புறாவுக்குமா அப்பா?"

"சும்மா லேசா தொட்டேன்மா. இதைக் கணக்குல சேர்க்கலை."

சிக்னலில் அழுத்தினார். பஸ் திரும்பும்போது அழுத்தினார். "மெக்கானிக் நல்லா எண்ணெய் விட்டிருக்கான். பெடல் வெண்ணெய் மாதிரி இறங்குது" என்று மெச்சிக்கொண்டார். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். பின் சீட்டில் அம்மா அசையவே இல்லை.

திரும்பி வரும்போதுதான் அது நடந்தது. ஒரு வீட்டு வாசலிலிருந்து பந்து ஒன்று உருண்டு வந்தது. அதன் பின்னாலேயே ஒரு குழந்தை ஓடி வந்தது.

"ஐயோ!" என்று அலறி, மாஸ்டர் இரண்டு காலாலும் பெடலை மிதித்தார். டயர் கிறீச்சிட்டது. வண்டி குலுங்கி நின்றது. குழந்தை ஒரு முழம் தள்ளி, பந்தை அணைத்துக்கொண்டு, காருக்குள் இருந்தவர்களை வேடிக்கை பார்த்தது. அதன் அம்மா ஓடி வந்து தூக்கிக்கொண்டு போனாள்.

மகள் வண்டியை ஓரங்கட்டினாள்.

"நான் மட்டும் இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்?" என்றார் மாஸ்டர்.

அவள் வாதாடவில்லை. யார் கால் முதலில் இறங்கியது என்று இப்போது அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "சரிப்பா. நான் உள்ளூர்லயே படிக்கிறேன்" என்றாள். கண் கலங்கிவிட்டது.

மாஸ்டருக்கு ஒரு பக்கம் பாவமாகவும் இன்னொரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது. "உனக்குச் சுதந்திரம் கூடாதுன்னா சொல்றேன்? ஸ்டியரிங் எப்பவும் உன் கையிலதான். ஆனா அப்பா கால் பக்கத்துல இருக்கணும்மா. இன்னிக்கு அந்தக் குழந்தையைக் காப்பாத்தினது எது? இந்தக் கால்!" என்று தொடையைத் தட்டிக் காட்டினார்.

போன் அடித்தது. மெக்கானிக். மாஸ்டர் ஸ்பீக்கரில் போட்டார்.

"மாஸ்டர், நாளைக்குக் கிளாஸ் வெச்சுடாதீங்க. டிரைவர் சைடு பிரேக் பக்காவா இருக்கு. உங்க சைடு பெடலோட கம்பியைத்தான் கழட்டி வெச்சிருக்கேன், புதுசு இன்னும் வரலை. நீங்க ஏறி நின்னு மிதிச்சாலும் வண்டி நிக்காது. காலையிலயே அண்ணிகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, சொல்லலையா?"

பின் சீட்டில் அம்மா மெல்லக் கண்ணைத் திறந்தாள். "வண்டியைக் கடைத்தெருப் பக்கம் திருப்புடி, ஹாஸ்டலுக்குப் பெட்டி வாங்கணும்."